மரத்துப் போச்சு என்றாள்

என் அம்மாவின் உடைந்த காலைக் கட்டியவர் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மரக்காணத்திலிருந்து மேற்கே அரை மணி நேரம் போனால் அவர் வீடு. வாசலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அதன் கீழே இரண்டு பெஞ்சுகள். கையைத் துண்டில் தொங்கப் போட்டவர்கள், காலை நீட்டி வைத்தவர்கள் என்று எப்போது போனாலும் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பரம்பரைத் தொழில் செய்கிறவர், மரியாதையாகப் பேசு என்று என்னிடம் பலர் சொல்லிவிட்டார்கள். என்னால் முடியவில்லை. முடிய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நான் நர்ஸ். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அதற்குத் திமிர் என்று எங்கள் தெருவில் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா உப்பளத்தில் வேலை செய்தவள். ஆண்கள் பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு மேல் நடந்து, மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். செருப்பு போட முடியாது. செருப்போடு அந்த வரப்பில் நடந்தால் வழுக்கும். அன்று ஒரு திங்கட்கிழமை. செருப்பில்லாமலே வழுக்கிவிட்டது. கூடை ஒரு பக்கம் சரிய, உடம்பு மறு பக்கம் திரும்ப, வலது கால் மட்டும் சேற்றில் ஊன்றியது ஊன்றியபடியே நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்தது. தோல் கிழியவில்லை. ரத்தமும் வரவில்லை. ரத்தம் வந்திருந்தால் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பார்கள் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

அண்ணன் டாட்டா ஏஸ் ஓட்டுகிறான். அவன்தான் வண்டியில் போட்டுக்கொண்டு போனான். போன இடம் அந்தக் கொட்டகை. ஏழு வயதில் அவனுடைய கை உடைந்தபோது கட்டியவர் அவர்தான். அந்தக் கை இன்றும் லேசாகக் கோணல். அந்தக் கோணல் கையால்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான், அந்தக் கையைக் காட்டித்தான் அவருக்குச் சாட்சி சொல்கிறான்.

காலை இழுத்து, தடவி, உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பற்றுப் போட்டு, நாலு பக்கமும் மூங்கில் பத்தை வைத்து, வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது. வலிக்கும். வலித்தால் எலும்பு சேர்கிறது என்று அர்த்தம். இதுதான் அவர் சொல்லி அனுப்பியது.

அன்று சாயங்காலம்தான் அண்ணன் எனக்கு போன் செய்தான். கட்டி முடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, காபி குடித்துவிட்டு.

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எதுக்கு? தொட்டுப் பாத்தாலே அவருக்குத் தெரியும்."

"அண்ணா, புதுசா ஒடைஞ்ச கால் வீங்கும். ரெண்டு மூணு நாளைக்கு வீங்கிக்கிட்டே இருக்கும். சுத்தி இறுக்கிக் கட்டுனா வீக்கம் எங்க போகும்? நாங்களே மாவுக்கட்டு முழுசா போட மாட்டோம். அரைக்கட்டுதான். உடனே அவுத்துட்டு பாண்டிக்குக் கூட்டிட்டுப் போ."

"நீ இன்னா, இங்க வந்து பாத்தியா? மெட்ராஸ்ல குந்திக்கினு கட்டளை போடுற. ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தியத்தான் எடுப்பாங்க. எனக்குத் தெரியும், வை."

அவனே வைத்துவிட்டான்.

நான் அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. விடுப்பு கிடைக்காது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். உண்மை என்னவென்றால், எனக்குக் கோபம். ஊரில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் எனக்கு போன் வரும். மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்புவார்கள். பெற்றவளுக்குக் கால் உடைந்தால் மட்டும் என்னைக் கேட்க மாட்டார்கள். சரி, என்னைக் கேட்காமல் கட்டினீர்கள் இல்லையா, நீங்களே என்னைக் கூப்பிடுகிற வரை நான் வரப் போவதில்லை. இப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மாவே போன் செய்தாள். அண்ணன் லோடு ஏற்றப் போயிருந்தான்.

"வலி எப்டி இருக்குது?"

"ராத்திரியெல்லாம் உசுரு போச்சு. சுண்ணாம்பு காளவாய்ல வெச்ச மாதிரி. இப்ப பரவால்ல. கால் மட்டும் மரத்துப் போச்சு."

மரத்துப் போச்சு. இந்தச் சொல் எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற சொல். உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் நின்றவர்களின் கால் தோல் தடித்து, வெடித்து, கடைசியில் முள் குத்தினாலும் தெரியாமல் போய்விடும். அளத்திலிருந்து வந்து உட்கார்ந்ததும் அம்மா அதைத்தான் சொல்வாள். கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் சுடுதண்ணி வை. நான் பிறந்ததிலிருந்து கேட்டது. மற்ற வீடுகளில் உஷ்ஷென்று மூச்சு விடுவார்களே, எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இந்தச் சொல் இருந்தது.

வார்டில் ஒரு நோயாளி இதையே சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். இறுக்கமான கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் இருந்து, பிறகு மரத்துப் போனால் அது குணமாவதில்லை. உள்ளே சதை வீங்கி, அதைச் சுற்றியிருக்கும் உறை விரியாமல், ரத்தம் போகிற வழி அடைபடுகிறது. முதலில் வலிக்கும். அப்புறம் நரம்பு சாகத் தொடங்கும், வலி குறையும். சதைக்கு ஆறேழு மணி நேரம்தான் அவகாசம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அந்த வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வந்ததால் எனக்கு அது வீட்டு வார்த்தையாகவே கேட்டது.

"ரெண்டு தலகாணி வெச்சு கால நல்லா ஒசரமா தூக்கி வையி. நான் நாளைக்கு வர்றேன்," என்றேன். அதுவும் தப்பு. அந்த நிலையில் காலை உயர்த்தி வைத்தால் கொஞ்சநஞ்சம் போகிற ரத்தமும் குறையும். அம்மா நான் சொன்னபடியே இரண்டு தலையணை வைத்துக்கொண்டாள். படித்தவள் சொன்னது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா கட்டிலில் கிடந்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் பளபளவென்று வீங்கி, நிறம் மாறிக் கிடந்தன. பையைக்கூட இறக்காமல் பெருவிரலைப் பிடித்து மெதுவாக மேலே வளைத்தேன். முழங்கால் வரை இழுத்துப் பிடித்து அலற வேண்டிய அசைவு அது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்காலைக் குத்திப் பார்த்துப் பயனில்லை. அது எப்போதோ செத்த தோல். ஆனால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருக்கிற இடுக்கு தடிப்பதில்லை. அங்கேதான் உப்பு தின்று வெடிப்பு விழும். அளத்து ஜனங்களுக்கு உடம்பிலேயே எரிகிற இடம் அதுதான், தண்ணீர் பட்டாலே துள்ளுவார்கள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அந்த வெடிப்பில் வைத்து அழுத்தினேன்.

"இன்னா பண்ற அங்க?" என்றாள் அம்மா.

கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணன் கையைப் பிடித்தான்.

"மூணு நாள் ஆவட்டும்னு சொல்லியிருக்காரு. இப்ப அவுத்தா எலும்பு நழுவிடும். பொறுப்பு நீ ஏத்துக்குவியா?"

"எலும்பு நழுவுனா திரும்ப வெச்சிக்கலாம். கைய எடு."

"ரொம்பப் பேசாத."

"எடுடா கைய."

அதுவரை அவனை நான் டா போட்டதில்லை. கையை எடுத்துவிட்டான். பத்தைக்கும் தோலுக்கும் நடுவே கத்தரி முனை நுழைய இடமில்லை. பற்று காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. வெட்டி முடித்தபோது உள்ளே தோல் முழுக்க நீர்க்கொப்புளம், கெண்டைக்கால் மரக்கட்டையாக இருந்தது. நூற்றெட்டு வண்டியைக் கூப்பிட்டேன். பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

"யாரு கட்டுனது இது? காலா, மூட்டையா?"

நான் நர்ஸ் என்று சொன்னேன், விவரம் சொன்னேன்.

"சிஸ்டரா நீங்க?" என்று ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "மரப்பு எப்ப இருந்து?"

"காலைலேர்ந்து சார்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மா வாயைத் திறந்தாள். "இல்லீங்க. நேத்து வெளக்கு வெக்கிற நேரத்துக்கே மரத்துப் போச்சு."

"யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள்.

"சொன்னேங்க. வீட்ல சொன்னேன்."

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏங்க, அந்தம்மா சொல்லியும் ஒரு நாள் முழுக்க வீட்டுல வெச்சிருந்தீங்களா? கால் போனா நீங்க குடுப்பீங்களா?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா சொன்னது தன் காதில் விழாமல் போயிருக்கும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை அவன் மேலேயே விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே கொண்டுபோனார்கள். காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்து உறையைத் திறந்துவிட்டு, தைக்காமல் அப்படியே விட்டார்கள். எலும்பை நேராக்கி, வெளியிலிருந்து கம்பிகள் செருகிச் சட்டம் போட்டார்கள். கால் பிழைத்தது. முன்பக்கத்துச் சதையில் பாதி பிழைக்கவில்லை. பாதத்தை மேலே தூக்குகிற சதை அது. பிழைக்காததை வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்துத் தொடையிலிருந்து தோல் எடுத்து மூடினார்கள்.

பாதம் மறுபடி தூக்க வருமா என்று அம்மா ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பாதம் தூக்காவிட்டால் வரப்பில் நடக்க முடியாது. கால் விரல் தரையில் இடறும். "பாக்கலாம்மா" என்றார்கள் எல்லாரும். என்னிடமும் கேட்டாள். நானும் பார்க்கலாம் என்றேன். வெட்டியெடுத்த சதையின் நிறத்தை டாக்டர் சொல்லக் கேட்டவள் நான்.

ஒரு மாத விடுப்பில் வீட்டில் இருந்தேன். கம்பி தோலுக்குள் நுழைகிற இடங்களைத் தினமும் கழுவ வேண்டும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர்.

"என் கால தின்னதே உப்பு. அதையே கரைச்சு ஊத்துறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?"

"இது மருந்து உப்பும்மா."

"எங்க வெளஞ்சது, உங்க காலேஜ்லியா?"

புகையிலைக்கும் சண்டை. புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கும், சேருகிற எலும்புக்கு ரத்தம் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி அலுத்துப்போய்ச் சுருக்குப்பையை எடுத்துக் குளத்தில் எறிந்தேன். எதிர்வீட்டுக்காரி மறுநாளே வேறு பை கொண்டுவந்து, என் கண்ணெதிரே அம்மாவின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் அதற்குள் தெருவில் ஒரு கதையைப் பரப்பியிருந்தான். கட்டு நன்றாகத்தான் இருந்தது, தங்கச்சி வந்து அவிழ்த்தாள், ஆஸ்பத்திரியில் காலைக் கிழித்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

விடுப்பு முடிந்து சென்னைக்குப் போய், நாலாவது மாதம் சட்டம் கழற்றுவதற்காக மறுபடி வந்தபோதும் தெருவில் அதே பேச்சு. தாங்க முடியாமல் ஒரு நாள் பஸ் ஏறி அந்தக் கொட்டகைக்குப் போனேன். கட்டுகிறவர் ஒரு பெண்ணின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இறுக்கிக் கட்டியது, வீக்கம், செத்த சதை. கொஞ்சம் சத்தமாகத்தான்.

அவர் தடவுவதை நிறுத்தவில்லை. "எலும்பு சேந்துச்சா இல்லியா?"

"நான் எலும்பப் பத்திப் பேசல. சதை..."

"நான் சதை வைத்தியம் பாக்கறது இல்லம்மா. எலும்புதான் பாக்கறேன். அது சேருமா சேராதா, நீயே சொல்லு. படிச்ச பொண்ணு."

பெஞ்சில் கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "நர்ஸம்மா, வந்ததுதான் வந்துட்ட, ஆளுக்கு ஒரு ஊசி போட்டுட்டுப் போயேன்," என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மணிக்கட்டு உடைந்த பெண்ணும் சிரித்தாள்.

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தச் சிரிப்பில்லை. அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. எலும்பு சேரும். உடைந்த இடத்தில் ரத்தம் உறையும், அது நாரும் குருத்துமாக மாறி இரண்டு முனையையும் பிடிக்கும், வாரங்கள் போனால் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும், பிறகு வருடக்கணக்கில் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளும். நாங்கள் செய்வது அதை நேராக வைப்பது, ஆடாமல் பிடிப்பது, ரத்தம் போக விடுவது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மற்ற மூட்டுகளை அசைக்க வைப்பது. சேர்ப்பது நாங்கள் இல்லை. அவரும் இல்லை. அந்த வேலையை எலும்பே செய்துகொள்ளும், பேர் அவருக்குப் போகும். அண்ணனுடைய கோணல் கை மாதிரி நூறு கைகள் அவருக்கு விளம்பரம். கெட்டுப்போன கால்கள் அந்தப் பெஞ்சுக்குத் திரும்பி வருவதில்லை.

இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதுதான் கோர்வையாக யோசித்தேன்.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் போன விஷயம் அதற்குள் போனில் வந்து சேர்ந்திருந்தது.

"ஊர் மானத்த வாங்கினியா? திருப்தியா?"

"மானமா? அம்மா கால முடமாக்கினது நீ. உன்னாலதான். சாயங்காலமே மரத்துப் போச்சுன்னு அம்மா சொன்னாங்க இல்ல, அப்பவே தூக்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

அவன் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். நாலு மாதம் லோடு ஏற்றும்போதும் இறக்கும்போதும் அவன் இதை யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. "சொல்லு. பெத்தவ சொல்றது காதுல விழலியா உனக்கு?"

"அவங்கிட்ட நான் சொல்லல," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

அண்ணன் திரும்பினான்.

"அவன் லோடுக்குப் போய்ட்டான். உங்கிட்டதான் சொன்னேன். போன்ல. நீ தலகாணி வெக்கச் சொன்ன."

"அம்மா, நான்..."

"அவங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவனுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சவளாச்சேன்னு உங்கிட்ட சொன்னேன்."

அண்ணன் எழுந்து கை கழுவினான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் ஏதாவது கத்தியிருக்கலாம். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதை எடுத்துப் போடக்கூட எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"எங்கிட்டதான் சொன்னன்னு ஆஸ்பத்திரியில ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதான் பொய் சொன்னியே. நடுவுல பூந்து உன் மூஞ்சிய கெடுக்கணுமா?" அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அவன நீ திட்டாம இருந்திருந்தா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

சட்டத்தைக் கழற்றிய நாளில் எக்ஸ்ரேயில் உடைந்த இடம், விரிசலுக்குப் பூசிய சிமெண்டு மாதிரி சுற்றிலும் புடைத்து வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். இனிமேல் எலும்புக்குப் பாரம்தான் மருந்து, பாரம் விழுந்தால்தான் அந்தப் பக்கம் பலமாக வளரும் என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மாவை நிறுத்தினோம். நான் தோளைக் கொடுத்தேன். அம்மா அண்ணனுடைய தோளில் கையை வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவனும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

"நீ முன்னால போய் நில்லு," என்றாள் என்னிடம். "கால் எப்டி வெக்கிறேன்னு பாத்து சொல்லு. அதான உன் வேல. உள்ளத சொல்லு."

பத்தடி முன்னால் போய்த் திரும்பி நின்றேன். அம்மா வலது காலை எடுத்தாள். முழங்கால் தூக்கியது. பாதம் தூக்கவில்லை. துணியைப் போலத் தொங்கி, விரல் நுனி தரையில் இழுபட்டு, பிறகு பட்டென்று அறைந்து விழுந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாதம் தூக்க வருமா?" என்றாள்.

"வராது. பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு குடுப்பாங்க, செருப்புக்குள்ள போட்டுக்கணும். வரப்புல நடக்க முடியாது."

அண்ணன் என்னை முறைத்தான். அம்மா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள்.

"எத்தினி மாசமா தெரியும் உனக்கு இது?"

"மொத நாளே."

"ம்," என்றாள். திட்டவில்லை. அண்ணனுடைய தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.

"விரல் தேயுது," என்றேன். "முட்டிய இன்னும் தூக்கு."

தூக்கினாள்.

"பத்தல. இன்னும்."